பெர்னார்ட் பெயரில் ஒரு பூசை

அத்தியாயம் பதினேழு

காலை ஆறரை மணிப் பூசைக்கு பெர்னார்ட் எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். தூணுக்குப் பின்னால் ஓர் இடம். அங்கிருந்து சாமியார் முகம் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். தொழிற்சாலை டூல் ரூமில் முப்பத்தாறு வருஷம் லேத் இரைச்சலுக்கு நடுவே நின்றவருக்கு, ஓய்வுக்குப் பிறகு அவ்வளவு போதுமாக இருந்தது.

இன்று வியாழக்கிழமை. அவர் கண் விழித்தபோதே வீடு காலி. ஜோசஃபினும் ஜாய்சனும் ஐந்தரைக்கே கேப் பிடித்துக் கிளம்பியிருந்தார்கள். எங்கே என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பிரேசர் டவுனின் அந்த இரண்டு அறை வீட்டில் சொல்லத் தேவையும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, “நான் பொண்ணு இல்ல டாடி, பையன்” என்று ஜாய்சன் சொன்னான். பெர்னார்ட் மூன்று நாள் ஒன்றும் பேசவில்லை. நாலாம் நாள் அவனைத் தன்னுடைய சலூனுக்கே கூட்டிக்கொண்டு போய், “எனக்கு வெட்டற மாதிரியே வெட்டு” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். ஜோசஃபின் அன்று பாயசம் வைத்தாள்.

பிறகு, பதினாலு மாதத்துக்கு முன்பு ஓர் இரவுச் சாப்பாட்டில் ஆபரேஷன் என்ற பேச்சு வந்தது. மார்பை எடுத்துவிட வேண்டும் என்றான் ஜாய்சன். பெர்னார்ட் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். அதோடு சரி. அதற்கப்புறம் அவரும் அவனும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மனசு மாறிவிட்டார் என்று மனைவி நினைத்தாள். வெட்கப்படுகிறார் என்று மகன் நினைத்தான். அவர் எதையும் மறுக்கவில்லை.

மாடிக் கொடியில் அவன் மார்பை இறுக்கிக் கட்டும் அந்தக் கெட்டித் துணி பனியன் காயும். தையல் பிரிந்து, திரும்பத் தைத்து, திரும்பப் பிரிந்திருக்கும். சித்திரை வெயிலில் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்று அவன் மூச்சு வாங்குவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

அந்தப் பதினாலு மாதத்தில் ஜாய்சன் ஏறி இறங்காத படி இல்லை. ஆபரேஷன் செய்யலாம் என்று மனநல டாக்டர்களிடம் இரண்டு கடிதம் வாங்கவே எட்டு மாதம். ஆதாரில் பெயர் மாற்ற ஐந்து மாதம். நடுவில் அலுத்துப்போய், ஓசூர் ரோடு பக்கம் மாடியில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனான். கடிதமும் வேண்டாம், டெஸ்டும் வேண்டாம், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கப் போகிற டாக்டர் யார் என்று கேட்டிருக்கிறான். “அன்னைக்கு யாராவது வருவாங்க” என்று பதில். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்தக் கதையைத்தான் சென்ற வாரம் பார்த்தோம்.

இப்போது ஒழுங்கான ஆஸ்பத்திரி, ஒழுங்கான டாக்டர். இன்று மதியம் ஒரு மணிக்கு ஆபரேஷன்.

இதெல்லாம் பெர்னார்டுக்குச் சுவர் வழியாகத் தெரியும். இன்னொன்றும் தெரியும். போன வாரம் ஜாய்சன் ஆஸ்பத்திரி படிவத்தை நிரப்பிக்கொண்டே சத்தமாகக் கேட்டான்: “மம்மி, நம்ம குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால தொந்தரவு வந்திருக்கா?”

“அதெல்லாம் இல்ல. இல்லைன்னு எழுது” என்றாள் ஜோசஃபின்.

சுவருக்கு இந்தப் பக்கம் பெர்னார்டின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

*

பூசை தொடங்குமுன், சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில் பிள்ளை மைக்கைத் தட்டிவிட்டு, பூசை யார் யாருக்காக என்று அன்றைய கருத்துகளை வாசித்தார். திருமண நாள் நன்றி ஒன்று. இறந்தவர்களின் ஆன்மா இளைப்பாற இரண்டு. பிறகு:

“இன்று ஜாய்சனுக்கு நடக்கவிருக்கும் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிய வேண்டி. கேட்பவர், பெர்னார்ட்.”

பெர்னார்டின் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது.

எப்படி நடந்திருக்கும் என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஜோசஃபின்தான் கொடுத்திருப்பாள். ஆனால் கோயிலின் பங்கு ஆபீசில் எழுதுகிற அம்மாளுக்கு ஒரு பழக்கம். யார் வந்து கொடுத்தாலும் குடும்ப அட்டையைப் பார்த்து, வீட்டுத் தலைவர் பெயரைத்தான் கேட்பவராகப் போடுவாள். ஒருமுறை எட்வின் மனைவி, புருஷன் குடியை விடவேண்டும் என்று பூசைக்குக் கொடுத்தாள். “எட்வின் குடிப்பழக்கத்திலிருந்து விடுபட வேண்டி, கேட்பவர் எட்வின்” என்று வாசித்துவிட்டார்கள். கோயிலே திரும்பிப் பார்த்தது. மானத்துக்குப் பயந்து எட்வின் நாலு மாதம் பாட்டிலைத் தொடவில்லை.

அன்று பெர்னார்டும் சிரித்தவர்தான்.

இன்று சிரிப்பு வரவில்லை. சாமியார் ஜெபிக்கிறார், சனங்கள் பதில் சொல்கிறார்கள். இந்தக் கோயிலில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரும் பெர்னார்ட் கேட்டதற்காக வேண்டிக்கொள்கிறார்கள். கேட்டவருக்கு மட்டும்தான் தெரியும், அது நல்லபடியாக முடியத் தேவையான ஒரு விஷயத்தைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவரே என்று.

நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் நின்றபோது அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

வாசலில் எட்வின் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்.

“யாருப்பா பெர்னார்ட் அது ஜாய்சன்? உங்க அக்கா பையனா?”

“இல்ல. எங்க வீட்டுப் பையன்” என்றார் பெர்னார்ட். எட்வின் மேலே கேட்பதற்குள் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தியிருந்தார்.

*

ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் உமேஷ் என்று பெயர்ப் பட்டை மாட்டிய ஆள் கம்ப்யூட்டரிலிருந்து கண் எடுக்கவில்லை.

“பேஷண்ட் பேரு?”

“ஜாய்சன்.” பதினாலு மாதம் வராத சொல், கரகரத்து வந்தது.

“ஐந்தாவது மாடி, ஐநூத்தி எட்டு. நீங்க என்ன ஆகணும்?”

“அப்பா.”

உமேஷ் ஓர் ஒட்டுக்காகிதத்தில் ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ என்று எழுதி நீட்டினான். பெர்னார்ட் அதைச் சட்டைப் பையின் மேல் ஒட்டிக்கொண்டார். லிப்டின் கண்ணாடியில் அது தலைகீழாக ஒட்டியிருப்பது தெரிந்தது. பிரித்து நேராக ஒட்டினார்.

அறைக்குள் ஜாய்சன் பச்சை கவுன் போட்டுக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். ஜோசஃபின் ஜெபமாலையும் கையுமாக நாற்காலியில். இருவரும் வாசலைப் பார்த்தார்கள்.

“நிறுத்த வந்தீங்களா டாடி?” என்றான் ஜாய்சன்.

“மயக்கம் குடுக்கற டாக்டரைப் பாக்கணும்.”

“எதுக்கு?”

ஜோசஃபின் எழுந்தாள். இருபத்தெட்டு வருஷம் மூன்றாம் வகுப்பை அடக்கி ஆண்ட டீச்சர் அவள்.

“இதோ பாருங்க. பதினாலு மாசமா வாயைத் தொறக்காதவரு இன்னைக்கு தொறக்கறதா இருந்தா அது நல்லதுக்கா இருக்கணும். இல்ல, புள்ளைய அழ வைக்கத்தான்னா, வந்த ஆட்டோ கீழதான் நிக்கும். ஏறிப் போயிட்டே இருங்க.”

“ஜோசி, கிளாரன்ஸ் மஞ்சக்காமாலையில சாகல.”

அவள் அப்படியே நின்றாள்.

கிளாரன்ஸ் பெர்னார்டின் தம்பி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜோசஃபின் அவனைச் சுவரில் மாட்டிய படமாகத்தான் பார்த்திருக்கிறாள். கோலார் தங்கவயலில், இருபது வயதில், மஞ்சள் காமாலை வந்து போய்விட்டான் என்றுதான் மாமியாரும் சொன்னார், நாத்தனாரும் சொன்னார்.

“அப்பறம்?”

“டாக்டரைக் கூப்பிடு. ரெண்டு தடவ சொல்ல என்னால முடியாது.”

*

டாக்டர் மமதாவுக்கு நாற்பது வயது இருக்கும். காலில் ஆபரேஷன் தியேட்டர் செருப்போடு வந்தார். கன்னடத்துக்காரர், தமிழைக் கொஞ்சம் இழுத்துப் பேசுவார்.

“ஹேளி சார். சொல்லுங்க.”

பெர்னார்ட் நின்றபடியே சொன்னார். எண்பத்தாறாம் வருஷம். குடல்வால் ஆபரேஷன். தம்பி வேண்டாம் வேண்டாம் என்றான். வலியில் துடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது அவர். காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்.

“உள்ள கொண்டுபோய் முக்கால் மணி நேரம். நர்ஸ் ஓடி வந்தாங்க. உடம்பு கொதிக்குது, ஐஸ் வேணும், எங்கயாவது ஐஸ் கொண்டு வான்னாங்க. சோடாக் கடைக்கு ஓடினேன். மரத்தூள் போட்டு சாக்குல சுத்தி ஒரு பாளம் குடுத்தான். தோள்ல தண்ணி ஒழுக ஒழுக ஓடி வந்தேன். நான் வர்றதுக்குள்ள…”

அவர் கையைப் பார்த்துக்கொண்டார்.

“செத்த பிறகும் சூடாவே இருந்தான் டாக்டர். மரக்கட்டை மாதிரி விறைப்பு. வாயைத் தொறக்க முடியல. அப்படிச் சூட்டை நான் லேத் பட்டறையிலகூடத் தொட்டதில்ல.”

மமதா வேகமாகக் கேட்டார். தாடை முதலிலேயே இறுகிவிட்டது என்று யாராவது சொன்னார்களா? சிறுநீர் என்ன நிறம்? வேறு யாருக்காவது குடும்பத்தில்? பெர்னார்ட் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும், அளவுகோலைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார். சிறுநீர் காபி நிறத்தில் இருந்தது. தாடை பற்றித் தெரியாது. அவருக்கே மூன்று வருஷமாக ஹெர்னியா. ஆபரேஷன் வேண்டாம் என்று பெல்ட் கட்டிக்கொண்டு திரிகிறார்.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“ஜாய்சன், இன்னைக்கு நாம இதை செய்யல.”

ஜாய்சன் எழுந்துவிட்டான். “எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் மம்மி, இவர் இதுக்குத்தான் வந்தாரு! பதினாலு மாசம் பேசாம இருந்துட்டு, இன்னைக்குக் காலையில ஒரு கதை! போன வாரம் கேட்டேனே, சத்தமா கேட்டேனே, பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க?”

“இருந்தேன்” என்றார் பெர்னார்ட். “கேட்டுது. சொல்லல. என் தப்பு.”

ஜாய்சன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“கொஞ்சம் கேளுப்பா,” என்றார் மமதா. “சில குடும்பத்துல இது ரத்தத்துலயே வரும். நாங்க சாதாரணமா குடுக்கற மயக்க கேஸும், தசையைத் தளர்த்தற ஒரு ஊசியும் அவங்க உடம்புக்கு ஆகாது. உடம்பு நெருப்பு மாதிரி ஏறிடும். உனக்கு இருக்கா, இல்லையா, இப்ப என்னால சொல்ல முடியாது. இருக்குன்னு வச்சுக்கிட்டுதான் செய்வேன். வேற மருந்து இருக்கு. மயக்கத்தை நரம்பு வழியாவே குடுக்கலாம். மெஷினை முழுசா கிளீன் பண்ணணும். ஒருவேளை சூடு ஏறினா இறக்கற மருந்து கையில இருக்கணும். அதை வரவழைக்கணும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னா எவ்வளவு நாள்? டாக்டர், லெட்டருக்கு எட்டு மாசம் அலைஞ்சேன். லீவு போட்டுட்டேன். திரும்ப முதல்லருந்தா?”

“யாரு சொன்னது முதல்லருந்துன்னு? உன் ஃபைல் அப்படியே இருக்கும். லெட்டர் செல்லும். சர்ஜன்கிட்ட நானே பேசறேன்.” வெளியே போய்ப் போனில் பேசினார். கதவுக்கு வெளியே அவர் கன்னடக் குரல் ஏறியும் இறங்கியும் கேட்டது. ஜோசஃபின் ஜெபமாலை உருட்ட மறந்து நின்றாள். பெர்னார்ட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு மரத்தடியில் இளநீர் வண்டிக்காரன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

மமதா திரும்பி வந்தார். “வர்ற புதன்கிழமை. முதல் கேஸ். காலையில ஏழரை மணி.”

ஜாய்சன் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். கையை எடுத்தபோது அவன் முகத்தில் கோபம் இல்லை. வேறு என்னவோ ஓடிக்கொண்டிருந்தது.

“மம்மி, அந்த மாடி கிளினிக்குல… அவங்க ஒரு கேள்விகூட கேக்கல, இல்ல?”

ஜோசஃபின் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துக் குனிந்தவள், பாதி அழுகை பாதி சிரிப்பு என்று கண்டாள்.

டாக்டர் புறப்பட எழுந்தார். பெர்னார்ட் வழியை விடவில்லை.

“டாக்டர். கையெழுத்து போட்டது நான். எங்க அக்கா சொன்னா, நீ போட்ட கையெழுத்துதான் அவனைக் கொன்னுச்சுன்னு.”

மமதா அவரையே பார்த்தார். அவசரம் போய்விட்டது அந்த முகத்திலிருந்து.

“சார், நீங்க அன்னைக்கு கையெழுத்து போடாம இருந்திருந்தா குடல் வெடிச்சு செத்திருப்பார். நீங்க செய்ய வேண்டியதைத்தான் செஞ்சீங்க. டாக்டருங்களும் அப்படித்தான். இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. உங்க வீட்டு ரத்தத்துல இருந்தது, அவ்வளவுதான்.” கதவருகே நின்று சேர்த்துக்கொண்டார்: “உங்க கூடப் பிறந்தவங்க, அவங்க பிள்ளைங்க, எல்லாருக்கும் இதைச் சொல்லிடணும். யாருக்காவது ஆபரேஷன்னா முதல்ல இதைச் சொல்லச் சொல்லுங்க. உங்க ஹெர்னியாவையும் என்கிட்ட காட்டுங்க.”

கதவு மூடிக்கொண்டது. முப்பத்தொன்பது வருஷமாகத் தோளில் ஒழுகிக்கொண்டிருந்த ஐஸ் பாளத்தை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது பெர்னார்டுக்கு. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

*

கேன்டீனில் செட் தோசை வந்தது. முந்தைய ராத்திரி முதல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவன், மூன்று தோசையையும் தொட்டுக்கொள்ள வந்த சாகு குருமாவையும் மூச்சு விடாமல் தின்றான். இன்னொரு செட் சொன்னான். அதிலும் பாதி போய்விட்டது.

“சித்தப்பா எப்படி இருப்பாரு டாடி?” வாயில் தோசையோடு கேட்டான்.

பெர்னார்ட் யோசித்தார். எதைச் சொல்வது? கால்பந்து ஆடுவான். பொய் சொன்னால் காது சிவக்கும். எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிடுவான்.

“உன்னை மாதிரி அவசரமா சாப்பிடுவான்” என்றார். “மெதுவா சாப்பிடுடா. விக்கப்போகுது.”

ஜோசஃபின் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் மூவரும் பேசவில்லை. பதினாலு மாதம் அந்த வீட்டில் கிடந்த மௌனம் வேறு, இது வேறு. இதில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.

திடீரென்று ஜோசஃபின் நிமிர்ந்தாள்.

“ஏங்க, டாக்டர் சொன்னாங்களே, கூடப் பொறந்தவங்க பிள்ளைங்கன்னு. தங்கவயல்ல உங்க ஆஞ்சலா அக்கா பையன் க்ளென் இருக்கான் இல்ல? அவனுக்குப் பித்தப்பையில கல்லு. சனிக்கிழமை ஆபரேஷன். போன வாரமே உங்ககிட்ட சொன்னேன், பேப்பரை விட்டுத் தலையே தூக்கல நீங்க.”

பெர்னார்ட் தட்டைத் தள்ளி வைத்தார்.

“நம்பர் இருக்கா?”

“என்கிட்ட இருக்கு. நீங்கதான் அவங்களோட பேசறது இல்லையே. நான் பேசட்டுமா?”

“வேணாம். நான் பேசறேன்.”

கிளாரன்ஸை அடக்கம் செய்த மறுநாள் முதல் ஆஞ்சலாவும் பெர்னார்டும் பேசவில்லை. அம்மாவின் சாவு வீட்டில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ஜோசஃபின் எண்ணைப் போட்டுப் போனை நீட்டினாள். நாலு முறை மணி அடித்தது.

“ஜோசஃபினா? சொல்லும்மா” என்றது வயதான ஒரு குரல்.

“அக்கா. பெர்னார்ட் பேசறேன். வெச்சுடாத.”

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. தூரத்தில் குக்கர் ஒரு விசில் விட்டது. மௌனங்களைப் பற்றி பெர்னார்டுக்குத் தெரியாதது இல்லை. இது போனை வைக்கப்போகிற மௌனம் இல்லை என்று தெரிந்தது. அவர் சொல்ல ஆரம்பித்தார். ரத்தம், மயக்க மருந்து, சூடு. சனிக்கிழமைக்குள் க்ளென் தன் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், “யார் தப்பும் இல்லயாம் அக்கா” என்றார்.

“இப்பவே க்ளெனை அனுப்பறேன்” என்றாள் ஆஞ்சலா. நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. “எப்படிடா இப்ப போய் இது தெரிய வந்துச்சு உனக்கு?”

“என் பையனுக்கு ஆபரேஷன்.”

“உனக்கு ஏதுடா பையன்?”

“நேர்ல பாத்தா தெரியும்.”

மறுபடியும் குக்கர் விசில். பிறகு அவள் குரல் தாழ்ந்தது.

“அப்ப நேர்லயே வா. நீ ஐஸுக்கு ஓடின நேரத்துல அந்த ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பெரிய டாக்டர் ஒரு சீட்டு எழுதி என் கையில குடுத்தாரு. இத்தனை வருஷமா உனக்குக் காட்டாம வெச்சிருக்கேன்.”

போன் வைக்கப்பட்டது.

பெர்னார்ட் அதைத் திருப்பித் தரக்கூட மறந்து கையிலேயே வைத்திருந்தார். எதிரில் ஜாய்சன் தட்டை வழித்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதிலும் விழுந்திருந்தது.

“தங்கவயலுக்கு ரயில் எப்ப டாடி?” என்றான். “புதன்கிழமை வரைக்கும் எனக்கு வேலை இல்ல. லீவு போட்டாச்சு.”